மழைக்கு முன்னால் மரத்தை மொட்டையடிக்கப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க!

ஆவணி பிறந்தாலே சென்னைப் புறநகர்த் தெருக்களில் அந்தக் குரல் கேட்கும். தோளில் கயிறும் கையில் அரிவாளுமாக வருபவர் கேட்டைத் தட்டி, "மழை வரப்போகுதும்மா, மரத்தை வெட்டி விட்டுடட்டுமா?" என்பார். வீட்டுக்குள் விவாதம் தொடங்கும். "வர்தா புயல்ல எத்தனை கார் மேல மரம் விழுந்துச்சு, மறந்துட்டியா? வெட்டிடலாம்" என்பார் அப்பா. "அத்தை கையால நட்ட மரம்ங்க" என்பார் அம்மா. கடைசியில் ஒரு சமரசம் ஏற்படும். "முழுசா வேண்டாம். மேல மட்டும் மொட்டையடிச்சு விட்டுடுங்க."

மரமும் தப்பித்தது, வீடும் தப்பித்தது என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். உண்மையில், இரண்டுக்குமே ஆபத்தைத் தேடித் தருவது இந்தச் சமரசம்தான்.

மொட்டையடித்தால் என்ன ஆகும்?

இலைதான் மரத்தின் சமையலறை. மொத்த இலையையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால், மரம் சேமித்து வைத்த சத்தையெல்லாம் செலவழித்து அவசர அவசரமாகத் துளிர்விடும். வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகக் கிளைகள் கிளம்பும். 'அட, நல்லா தழைச்சிடுச்சே' என்று நமக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆனால், இந்தப் புதுக் கிளைகள் பட்டையை ஒட்டி மேலோட்டமாக முளைத்தவை. பழைய கிளையைப் போல மரத்தின் உள்ளே ஆழமாகப் பிடித்திருக்காது. வெட்டுப்பட்ட தலைப்பகுதியிலோ மழைநீர் இறங்கி, பூஞ்சை பிடித்து, உள்ளே உளுத்துக்கொண்டிருக்கும். சில வருடங்களில் கிளைகள் கனமாகி நிற்கும்போது ஒரு பலத்த காற்று அடித்தால் போதும், முறிந்து விழும்.

பிறகு எப்படித்தான் வெட்டுவது?

மொட்டைக்குப் பதில் கவாத்து. காய்ந்த கிளை, ஒன்றோடு ஒன்று உரசும் கிளை, கூரை மேல் சாயும் கிளை ஆகியவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து எடுக்க வேண்டும். காற்று உள்ளே புகுந்து வெளியே போக வழி கிடைத்தால், மரம் அதிகம் ஆடாது. ஒரே வருடத்தில் பசுமையில் கால் பங்குக்கு மேல் கை வைக்கக் கூடாது.

கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டது போல லேசாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பை விட்டுவிட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். அங்கிருந்துதான் புதுப் பட்டை வளர்ந்து காயத்தை மூடும். தண்டோடு ஒட்ட வெட்டினாலும், முளைக்குச்சி போல நீளமாக விட்டாலும் காயம் சரியாக மூடாது. தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டியதில்லை.

பெரிய கிளையை ஒரே வெட்டில் தள்ளினால், அது விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். முதலில் சற்றுத் தள்ளி அடிப்பக்கத்தில் ஒரு வெட்டு, அதற்கும் வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, மிச்சமிருக்கும் துண்டுக்கு மூன்றாவது வெட்டு. இதுதான் முறை.

மாமரத்துக்கு, காய் பறித்து முடித்த ஆடி, ஆவணிதான் சரியான சமயம். தாமதித்தால் தை மாதப் பூ குறைந்துவிடும். தென்னையில் காய்ந்த மட்டையை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பச்சை மட்டையை வெட்டினால் காய்ப்பு குறையும். குருத்து போனால் மரமே போய்விடும்.

ஆபத்து காலடியில்!

2016 டிசம்பர் 12-ம் தேதி கரையைக் கடந்த வர்தா, சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. மேலோட்டமாக வேர்விடும் மயில்கொன்றை போன்றவை அதில் ஏராளம். தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில், சுமார் 2 அடிக்குள் பரவியிருப்பவை. அடிமரம் வரை சிமென்ட் பூசுவதும், காம்பவுண்டு சுவருக்கோ பைப் லைனுக்கோ பள்ளம் தோண்டும்போது தடித்த வேரை வெட்டுவதும் மரத்தின் காலை வாருவதற்குச் சமம். அடிமரத்தைச் சுற்றி முடிந்த அளவு மண்ணை விட்டு வையுங்கள்.

மழைக்கு முன் மரத்தை ஒருமுறை சுற்றி வந்து, இவற்றைப் பாருங்கள்:

* அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறதா?
* புதிதாகச் சாய்ந்திருக்கிறதா? சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்திருக்கிறதா?
* இரண்டு பெரிய கிளைகள் பிரியும் இடத்தில் பிளவு தெரிகிறதா?
* தட்டினால் உள்ளே கூடு போலச் சத்தம் வருகிறதா?

இதில் ஒன்று இருந்தாலும், விவரம் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள். சில மரங்களை அகற்றுவதுதான் சரியாக இருக்கும். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம், வேறு கன்று நடலாம். ஆனால், மழைக்காலத்தில் வேம்பின் நுனி கருகினாலோ, மாசியில் இலை கொட்டினாலோ பயந்து வெட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் மறுபடி துளிர்த்துவிடும்.

ஏறுபவரின் உயிரும் முக்கியம்

"காசு வேண்டாம், விறகை எடுத்துக்கறேன்" என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். அவருக்கு லாபம், எவ்வளவு அதிகம் வெட்டுகிறாரோ அவ்வளவு. கூலியைப் பேசி, எந்தக் கிளை என்று சாக்பீஸால் குறித்துக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். ஹெல்மெட், இடுப்பு பெல்ட், கயிறு இல்லாதவரை மேலே ஏற்றாதீர்கள். மின்கம்பி அருகில் இருந்தால், மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகுதான் அரிவாள் மேலே போக வேண்டும். தெருவோர மரம் என்றால் அனுமதியில்லாமல் நீங்களாக வெட்டக் கூடாது. சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லலாம்.

வருடத்துக்கு ஒருமுறை சரியாகக் கவாத்து செய்ய ஆகும் செலவு, உடைந்த கார் கண்ணாடியைவிடக் குறைவுதான். அத்தை நட்ட மரமும் நிற்கும், அப்பாவும் புயல் ராத்திரியில் கொஞ்சம் தூங்குவார்.