வெள்ளை வட்டமா, கறுப்புக் கறையா?

காரைக்குடிப் பக்கம் பழைய பர்மா தேக்குச் சாமான்களுக்குப் பாலிஷ் போடுவது என் தொழில். போனில் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது, "காபி டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளையாக வட்டம் விழுந்துவிட்டது" என்பதுதான். "உப்புத்தாள் போட்டுத் தேய்த்தீர்களா?" என்று கேட்பேன். இல்லை என்று சொன்னால் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது.

அந்த வெள்ளை மரத்தில் இல்லை, பாலிஷில் இருக்கிறது. பழைய சாமான்களில் அநேகமாக அரக்குப் பாலிஷ்தான் இருக்கும். சுத்தம் செய்த அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொட்டலத்தில் தொட்டு, பூச்சின்மேல் பூச்சாக ஏற்றுவோம். அந்தப் பளபளப்பு வேறெதிலும் வராது. ஆனால் சூடும் ஈரமும் அதற்கு ஆகாது. சூடான டம்ளர் பட்டால் இளகும். அடியிலிருக்கும் ஈரம் உள்ளே இறங்கித் தங்கிவிடும். அது வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் வெள்ளை தெரிகிறது.

ஆகவே ஓரிரு நாள் ஃபேன் காற்றில் விடுங்கள். புது வட்டமாக இருந்தால் பல சமயம் தானாகவே மறையும். மறையாவிட்டால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காட்டுங்கள். கை பொறுக்கும் சூடு போதும்; மீறினால் பாலிஷ் கொப்புளித்துவிடும். அதற்கும் அசையாத வட்டத்தில் ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் மெல்லிய துணியால் துடையுங்கள். இன்னும் மிச்சம் இருந்தால், துணியில் சலித்த விறகுச் சாம்பலை எண்ணெயில் குழைத்து, மர வரி ஓடும் திசையிலேயே லேசாகத் தேய்க்கலாம். பளபளப்பு கொஞ்சம் மங்கும். மெழுகு போட்டால் சரியாகிவிடும்.

ஸ்பிரிட்டால் துடைத்தால் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழகாத கை ஒரு நொடி நின்றாலும் துணி ஒட்டிக்கொண்டு பாலிஷ் பெயர்ந்து வரும்.

பூந்தொட்டியோ இரும்புச் சாமானோ வைத்த இடம் கறுத்திருந்தால் அது வேறு விஷயம். தண்ணீர் பாலிஷைத் தாண்டி மரத்துக்குள் போய்விட்டது. மரத்தின் துவர்ப்போடு இரும்புச் சத்து சேர்ந்து கறுத்திருக்கிறது. எண்ணெயும் சாம்பலும் அங்கே செல்லாது. பழைய பாலிஷை எடுத்துவிட்டு ஆக்சாலிக் ஆசிட் போட்டுக் கறையை வெளுக்கவைத்து, மறுபடி பாலிஷ் ஏற்ற வேண்டும். அந்த ஆசிட் விஷம். குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதை வாங்கி வைக்கவே வேண்டாம். கறுப்புக் கறையைப் பாலிஷ் மேஸ்திரியிடம் விட்டுவிடுங்கள்.