இதயத்தின் கிரீன் ரூம்

இதயத்தின் கிரீன் ரூமுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்! வலது மேலறைச் சுவர், உச்சியிலிருந்து பெரிய சிரை வந்து சேரும் மூலை. அங்கே ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு திசுக்கீற்று. அதுதான் எஸ்.ஏ. கணு. ஒவ்வொரு துடிப்பும் இங்கேதான் கிளம்புகிறது.

1907-இல் ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் எழுதும்வரை இப்படியொன்று இருப்பது உலகத்துக்குத் தெரியாது. முதலில் அகப்பட்டது எந்த இதயத்தில் தெரியுமோ? அகழெலியின் இதயத்தில்! கீத் மனைவியோடு சைக்கிள் சவாரி போய்த் திரும்புவதற்குள், மாணவர் ஃபிளாக் நுண்ணோக்கியில் பிடித்து வைத்திருந்தார்.

இங்குள்ள செல்களுக்குச் சும்மா இருக்கவே தெரியாது. மைனஸ் 60 மில்லிவோல்ட்டிலிருந்து தாமாகவே மெல்ல மெல்ல ஏறி, மைனஸ் 40 பக்கம் வந்ததும் 'டப்'! திரும்ப இறங்கி, திரும்ப ஏற்றம். இந்த ஏற்றத்துக்குக் கைகொடுக்கும் ஒரு மின்னோட்டத்துக்கு, 1979-இல் அதைப் பற்றி எழுதிய ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் வைத்த பெயர் 'ஃபன்னி கரண்ட்'. சத்தியமாக! பாடப்புத்தகத்திலும் அதே பெயர்தான்.

நரம்புகள் தலையிடாவிட்டால் கணு நிமிடத்துக்கு 100 தடவை போல அடிக்கும். மாற்று இதயம் பொருத்தியவர்களுக்கு உட்கார்ந்திருக்கும்போதும் நாடி வேகமாக இருப்பது, நரம்புத் தொடர்பு அறுபட்டதால்தான். நமக்கு 70 என்றால் வேகஸ் நரம்பு இழுத்துப் பிடிக்கிறது என்று அர்த்தம். மணிக்கட்டில் விரல் வைத்து ஆழமாக மூச்சு விட்டுப் பாருங்கள். இழுக்கையில் நாடி சற்று விரையும், விடுகையில் நிதானிக்கும். வயது குறைந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

சரி, நரம்பு எப்படி இழுக்கிறது? 1921, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம். ஓட்டோ லோவிக்குத் தூக்கத்தில் ஒரு சோதனை தோன்றியது. எழுந்து கிறுக்கிவைத்தார், காலையில் தன் கையெழுத்தே தனக்குப் புரியவில்லை! மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே யோசனை மறுபடி வர, நேரே ஆய்வகத்துக்கு ஓடினார். இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அந்த இதயத்தில் இருந்த உப்புத் திரவத்தை எடுத்து மற்றதில் விட்டார். நரம்பே இல்லாத அதுவும் தளர்ந்தது! 1936-இல் நோபல் பரிசு.

அந்தத் திரவத்தில் இருந்த சரக்கு அசிட்டைல்கோலின். இனிதான் எனக்குப் பிடித்த கட்டம்: அசிட்டைல்கோலின் கணுவில் திறப்பது பொட்டாசியம் வாயிலை! செல்லுக்குள் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் நெருக்கியடித்து நிற்கும் பொட்டாசியம், வெளியே கசிகிறது. செல் இன்னும் ஆழமான மைனஸுக்கு இறங்குகிறது. மேலே ஏற நேரம் பிடிக்கிறது. ஆக, நரம்பும் பொட்டாசியமும் கூட்டுக் களவாணிகள். அட்ரினலின் வந்தால் நேரெதிர்: ஃபன்னி கரண்ட் பெருகி, ஏற்றம் செங்குத்தாகிவிடும்.

வெளியே, ரத்தத்தில் பொட்டாசியம் இருக்கவேண்டியது லிட்டருக்கு வெறும் 3.5 முதல் 5 மில்லிமோல். கிட்னி பழுதாகி இது எகிறினால் ஆபத்து. டயாலிசிஸ் நோயாளிகளிடம் பொட்டாசியம் மிகுந்த இளநீர் கூடாது என்று சொல்வது அதற்காகத்தான். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மேலறைத் தசைகள்தான் முதலில் மடங்குகின்றன, ஈ.சி.ஜி.யில் அவற்றின் அலை காணாமல் போன பிறகும் கணு விடாப்பிடியாக அடித்துக்கொண்டிருக்கக்கூடும்.

அந்தப் பிடிவாதத்துக்கும் எல்லை உண்டு என்பது அறுவை அரங்கில் தெரியும். பைபாஸ் போன்ற சிகிச்சைகளில் இதயத்தை நிறுத்த, மருத்துவர்கள் வேண்டுமென்றே பொட்டாசியம் நிறைந்த திரவத்தைச் செலுத்துகிறார்கள். வேலை முடிந்து ரத்தம் திரும்பப் பாய்ந்து அதைக் கழுவியதும், சில இதயங்களுக்கு மின்னதிர்ச்சி வேண்டியிருக்கும். பல இதயங்கள் அதற்குக்கூடக் காத்திருப்பதில்லை, தாமாகவே துடிக்க ஆரம்பித்துவிடுகின்றன!