பேட்டரிக்கும் ஒரு பேரேடு

கடனுக்குப் போன சோப்புக் கட்டிக்குக்கூடப் பற்று எழுதி வைக்கிறோம். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மட்டும் ஒரு வரிக் கணக்கும் இருப்பதில்லை. 2012-ஆம் ஆண்டு மின்வெட்டில் கடைகள் மணிக்கணக்காக இருண்டு கிடந்ததை வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று அந்த நிலை இல்லை. அதனாலேயே பேட்டரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர் பில்லும் எலெக்ட்ரானிக் தராசும் அதை நம்பித்தான் நிற்கின்றன.

12 வோல்ட் பேட்டரி என்பது 2 வோல்ட் அறைகள் ஆறு சேர்ந்தது. ஓர் அறை கெட்டால் மற்ற ஐந்தும் இருந்து பயனில்லை. கெடப்போவது எந்த அறை என்பதை நோட்டுத்தான் முன்கூட்டிச் சொல்லும். முதல் பக்கத்தில் வாங்கிய தேதி, சீரியல் நம்பர், பில் எண் எழுதி, வாரண்டி அட்டையையும் அங்கேயே வைக்க வேண்டும். பில் இல்லாமல் வாரண்டி கேட்கப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

மாதம் ஒரு நாள், முழுச் சார்ஜ் ஏறிய பின், ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளின் கிராவிட்டியையும் பார்த்துக் குறியுங்கள். டியூபுலர் பேட்டரியில் பொதுவாக 1.240 அளவில் இருக்கும். ஐந்து அறை ஒரே அளவு காட்ட, ஒன்று மட்டும் 1.200-க்குக் கீழே நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். அளந்த பிறகே டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். எந்த அறைக்கு எவ்வளவு ஊற்றினோம் என்றும் எழுதுங்கள். ஓர் அறை மட்டும் அதிகம் குடித்தால் அதுவும் ஓர் அறிகுறி. ஆசிட் சேர்க்கக் கூடாது, குறைவது தண்ணீர்தான். போர் தண்ணீர் அறவே ஆகாது. ஆலங்குளம் சுண்ணாம்புக்கல் பூமி. அரசு சிமென்ட் ஆலை இங்கு வந்ததே அதற்காகத்தான். அந்த உப்பெல்லாம் பேட்டரித் தகட்டுக்கு விஷம்.

இடத்தைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறோம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். நம் கடைகளிலோ சாமி படத்துக்குக் கீழே பேட்டரி, மேலே ஊதுபத்தியும் சூடமும்! காற்றோட்டமான, வெயில் படாத இடத்துக்கு அதை மாற்றுங்கள். பட்டாசுச் சரக்கு இருக்கும் அறையில் பேட்டரி கூடவே கூடாது.

பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள் நாளிதழில் வந்துவிடுகிறது. அன்று அதே விளக்கு, அதே மின்விசிறி எத்தனை மணி நேரம் ஓடின என்று குறியுங்கள். அடியோடு இறங்கும்வரை ஓட்ட வேண்டாம். நான்கு மணி நேரம் தாங்கியது இரண்டாகக் குறைந்திருந்தால், தீபாவளி வியாபாரத்துக்கு முன்பே மாற்றிவிடலாம்.

பழையதைத் தெருவில் வருபவரிடம் எடைக்குப் போடாதீர்கள். உள்ளே இருப்பது ஈயம். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும். புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து, கழிவுத் தொகையையும் ரசீதையும் வாங்கி நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.