அமராவதியிலிருந்து திவான் பதவிக்கு: சேஷய்ய சாஸ்திரியாரின் இளமையும் குடும்பமும்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இடைப்பட்ட ஊர் கந்தர்வக்கோட்டை. முற்காலத்தில் இது புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்ததன்று; தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு ஜமீனின் தலையூர். 1974ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுள் வந்தது. ஆகவே இவ்வட்டாரத்துக் குடிமக்களுக்கு இரண்டு சீமைகளின் வரலாறும் உரிமையுடையதாகும். அவ்விரு சீமைகளையும் தம் வாழ்க்கையால் இணைத்தவர் ஒருவர் உண்டு. தஞ்சைச் சீமையில் எளிய குடும்பம் ஒன்றில் தோன்றி, புதுக்கோட்டையில் பதினாறு ஆண்டுக்காலம் ஆட்சிப் பொறுப்பை நடத்திய சர் அ. சேஷய்ய சாஸ்திரியார் அவர்.

அவர் திவானாக இருந்து செய்த பணிகளைப் பற்றிக் கூறுவோர் பலர். அந்நிலையை அடைவதற்கு முன்னர் அவர் யாரால் வளர்க்கப்பட்டார், எங்கே பயின்றார் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அறியவேண்டியது அந்தப் பகுதியே என்பது என் கருத்து.

தஞ்சாவூர் ஜில்லாவில் அமராவதி என்னும் சிற்றூரில் 1828ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22ஆம் நாள் அவர் பிறந்தார். அவர் பெயரின் முன்னே நிற்கும் ‘அ’ என்னும் எழுத்து அந்த ஊரைக் குறிப்பது. தந்தையின் பெயரைக் குறிப்பதன்று. ஊரின் பெயரையே முதலெழுத்தாகக் கொள்வது அந்நாளைய வழக்கம். அவருடைய முன்னோர் வைதிகத் தொழில் செய்து வாழ்ந்தவர்கள். ஓதுதலும் ஓதுவித்தலும் அக்குடும்பத்துக்கு மதிப்பைத் தந்தன, செல்வத்தைத் தரவில்லை. பிள்ளையை வெளியூருக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் வசதி அவ்வீட்டில் இருக்கவில்லை.

அந்நிலையில் துணையாக வந்தவர் உறவினர் ஒருவர். அவர் சென்னைப் பட்டணத்தில் வியாபாரம் செய்துவந்தார். சிறுவனைத் தம்மோடு அங்கே அழைத்துச் சென்றார். தென்னிந்தியாவில் முதல் ரயில் ஓடியது 1856ஆம் ஆண்டில்தான். எனவே காவிரிக் கரையிலிருந்து சென்னைக்குப் போவதென்றால் அக்காலத்தில் கால்நடையாகவோ மாட்டுவண்டியிலோ பல நாள் பயணம் செய்யவேண்டும். ஊரையும் பெற்றோரையும் பிரிந்து, உறவினர் வீட்டில் உண்டு, அவர் நிழலில் ஒரு பிள்ளை வளர்ந்தான். பிற்காலத்தில் திருவிதாங்கூரையும் புதுக்கோட்டையையும் ஆண்ட அறிவுக்கு முதற்படி இந்த அடைக்கலமேயாகும். பள்ளிக்கூடத்தைக் காட்டிலும் முன்னதாகப் பிள்ளைக்கு வேண்டியது தங்குவதற்கு ஓரிடமும் ஒரு வேளைச் சோறும் அல்லவா?

இது பழங்கதை என்று எண்ணவேண்டா. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உறுதிசெய்கிறது. அதற்குமேல் வயது வந்த பிள்ளை, மேல்வகுப்பு உள்ள பள்ளி தொலைவில் இருக்கிறதென்றோ, முந்திரிக் காட்டில் கூலி கிடைக்கிறதென்றோ நின்றுவிட்டால், அச்சட்டம் அவனைத் தேடி வாராது. அரசாங்க மாணவர் விடுதிகள் இருக்கின்றன. அவை இருப்பதைக் குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்லி, பிள்ளையை அங்கே சேர்த்துவிடுவதற்கு ஓர் ஆள் வேண்டும். சென்னையில் கடை வைத்திருந்த உறவினர் அன்று செய்த வேலை அதுவே.

சென்னையில் சேஷய்யர் பயின்ற உயர்பள்ளி 1841ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதன் தலைவர் பவல் என்னும் ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜில் கணிதம் கற்றுத் தேர்ந்தவர். சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது 1857ஆம் ஆண்டில் ஆகையால், அப்பள்ளி மாணவர்களுக்குப் பி.ஏ. முதலிய பட்டங்கள் கிடையா. தேறியவர்களுக்குத் தகுதிப் பத்திரம் மட்டுமே வழங்கப்பெற்றது. சேஷய்யர் 1848ஆம் ஆண்டில் சிறப்புடன் தேறினார். அப்பள்ளியே பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது.

அதே பள்ளியில் அவரோடொத்த வயதினர் ஒருவர் இருந்தார். அவரும் 1828ஆம் ஆண்டில் பிறந்தவர்; ஊர் கும்பகோணம்; பெயர் மாதவ ராவ். இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் குடும்பம் என்பது எவ்வளவு பெரிய முதல் என்பது விளங்கும். மாதவ ராவின் தந்தையார் ரங்க ராவ் திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர். தந்தையின் உடன்பிறந்தாரான வெங்கட ராவும் அப்பதவியை வகித்தவர். மாதவ ராவ் 1846ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்றார். 1849ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியரானார். 1857ஆம் ஆண்டின் இறுதியில் திவான் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

சேஷய்யருக்கு அப்படி வாயில் திறந்துவிடுவார் இல்லை. அவர் ரெவினியூ இலாகாவில் குமாஸ்தாவாக 1848ஆம் ஆண்டில் சேர்ந்தார். பிறகு மசூலிப்பட்டினத்தில் தாசில்தாராகவும் தலைமைச் சிரஸ்தேதாராகவும் உயர்ந்தார். மாதவ ராவ் 1872ஆம் ஆண்டில் திருவிதாங்கூரை விட்டு நீங்கியபோது, அந்த இடத்துக்கு அழைக்கப்பட்டவர் சேஷய்ய சாஸ்திரியாரே. ஒரே பள்ளியிற் பயின்ற இருவர் ஒரே ஆசனத்தில் அடுத்தடுத்து அமர்ந்தனர். ஒருவருக்கு அது இருபத்தொன்பதாம் வயதிலும், மற்றவருக்கு நாற்பத்து நான்காம் வயதிலும் கிட்டியது. திறமையில் இருந்த வேற்றுமையினால் இந்தப் பதினைந்து ஆண்டுகள் ஏற்பட்டன என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் அவ்வாண்டுகள் வீணாயின என்றும் கூற இயலாது. நிலவரியின் நுணுக்கம், கர்ணத்தின் கணக்கு, குடிகளின் முறையீடு ஆகியவற்றைத் தாசில்தார் கச்சேரியில் இருந்து கற்பதுபோல் அரண்மனையில் இருந்து கற்க முடியாது. புதுக்கோட்டைக்கு அதனால் விளைந்த நன்மையைக் கீழே காண்க.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சாஸ்திரியாரின் குடும்பம் ஏழைக் குடும்பம் என்பது உண்மை. அந்த ஏழ்மையும், அதே ஊரில் வயலில் இறங்கி உழைத்த பண்ணையாளின் ஏழ்மையும் ஒன்றல்ல. முன்னவர் வீட்டில் எழுத்தும் ஏடும் இருந்தன. பட்டணத்தில் உறவினர் இருந்தார். பள்ளி வாயிலில் அவரை எவரும் தடுக்கவில்லை. பண்ணையாளின் மகனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. பெண்மக்களின் நிலையோ சொல்லவே வேண்டுவதில்லை. அமராவதியில் அதே ஆண்டு பிறந்த மற்றக் குழந்தைகளுள் எத்தனை பேரிடம் அத்தகைய அறிவு மறைந்திருந்ததோ, யார் அறிவார்?

1878ஆம் ஆண்டில் சாஸ்திரியார் புதுக்கோட்டைக்கு வந்தார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சம் அப்போதுதான் தணிந்துகொண்டிருந்தது. ஆட்சியில் இருந்தவர் ராமச்சந்திரத் தொண்டைமான். சமஸ்தானத்தில் அமானி முறை நிலவியது. அமானி என்பது, விளைந்த நெல்லைக் களத்திலேயே அரசுக்கும் குடிக்கும் வாரமாகப் பிரிக்கும் முறை. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். விளைவு குறைந்தால் அரசின் பங்கும் குறையுமன்றோ? நடைமுறை வேறு. கதிர் முற்றினாலும் அதிகாரி வந்து பார்க்காமல் அறுக்கக் கூடாது. அடித்த நெல்லை அளக்காமல் எடுக்கக் கூடாது. பொலியின்மீது முத்திரை இட்டுக் காவலும் வைப்பார்கள். அதற்குள் மழை வந்தால் நெல் களத்திலேயே முளைக்கும். காவற்காரர் முதல் கணக்கர் வரை ஒவ்வொருவர் கையும் பொலியில் நுழையும். கூடுதலாக எருவிட்டுக் கூடுதலாக விளைத்தாலும் அதிற் பாதி போய்விடும் என்னும்போது குடியானவனுக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்?

சாஸ்திரியார் இம்முறையை ஒழித்து, நிலத்துக்கு இவ்வளவு என்று ரொக்கத் தீர்வை விதிக்கச் செய்தார். அறுவடைக்கு உத்தரவு கேட்டு நிற்கும் நிலை அத்துடன் தீர்ந்தது. விலை வீழ்ந்த ஆண்டில் ரொக்கத் தீர்வையும் சுமையே என்பதை விவசாயிகள் அறிவர். எனினும் களத்து நெல் தன்னுடையது என்னும் உரிமை சிறிதன்று. 1888ஆம் ஆண்டில் இனாம் நிலங்களின் ஏற்பாடும் அவர் காலத்திலேயே நடந்தது. ஆறு வளம் இல்லாத அச்சீமைக்கு ஏரிகளும் குளங்களுமே உயிர் என்பதை உணர்ந்து நீர்நிலைகளைச் செப்பனிட்டார். நகரில் பல்லவன்குளம், புதுக்குளம் ஆகியவை சீர்பெற்றன.

1886ஆம் ஆண்டில் மன்னர் மறைந்தபோது, பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் பத்து வயதுச் சிறுவர். அவருக்கு வயது வரும்வரை ஆட்சியை நடத்தும் பொறுப்பு சாஸ்திரியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பிறர் ஆதரவில் வளர்ந்த ஒருவர், தந்தை நிலையில் இருந்து ஓர் அரசை எட்டாண்டுகள் காத்து, 1894ஆம் ஆண்டில் உரியவரிடம் ஒப்புவித்தார். பின்னர்க் கும்பகோணத்தில் ஓய்வாக வாழ்ந்தார். 1902ஆம் ஆண்டில் அவருடைய வரலாறு ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. அடுத்த ஆண்டு, அக்டோபர் மாதம் 29ஆம் நாள் அவர் காலமானார்.