வண்டியை நிறுத்துவது எது?

சித்திரைத் திருவிழாவின்போது மதுரை மாசி வீதிகளில் தேர் வரக் கண்டவர்கள் வடம் பிடிப்போரைப் பார்த்திருப்பார்கள். சக்கரத்தின் அருகே குனிந்தவாறே விரையும் சிலரை அநேகர் கவனித்திருக்கமாட்டார்கள். அவர்கள் கையில் மரத்தாலான முட்டுக்கட்டை இருக்கும். தேர் வேகம் மிகுந்தாலும், நேர்கோட்டைவிட்டு விலகினாலும், உரிய சமயத்தில் உரிய சக்கரத்தின் கீழ் அந்தக் கட்டையைச் செருகுவது அவர்கள் பணி. நூற்றுக்கணக்கானோர் இழுத்து ஓட்டுகின்ற பெரும் பாரத்தை அந்தச் சிலரே அடக்குகிறார்கள். ஒருவன் முயற்சியை மற்றொருவன் கெடுப்பதை நாம் 'முட்டுக்கட்டை போடுதல்' என்று வழங்குகிறோம். தேரோட்டத்தை அருகிருந்து பார்த்தவர்கள் அச்சொல்லை அவ்வாறு பழிச்சொல்லாக ஆளத் தயங்குவார்கள்.

சில மாதங்களுக்கு முன்பு, மதுரை காளவாசல் பக்கம் மோட்டார்ப் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். அங்கே ஒரு கல்லூரி மாணவர் தம் தந்தையாரின் சிறிய காரோடு நின்றுகொண்டிருந்தார். 2013ஆம் ஆண்டில் வாங்கிய வண்டி. டர்போ முதலிய விசைகூட்டும் கருவி ஏதுமில்லாத, வீட்டுக்கும் அலுவலகத்துக்குமாக ஓடும் சாதாரணப் பெட்ரோல் கார். நண்பர்கள் நால்வரோடு கொடைக்கானல் போக வேண்டுமாம். அதற்கு முன்னால் நான்கு சக்கரங்களுக்கும் பெரிய டிஸ்க் பிரேக் பொருத்த வேண்டும், ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டி வண்டியைத் தரையோடு தாழ்த்த வேண்டும் என்பது அவர் விருப்பம்.

"ஐயா, நான் வேண்டாமென்றால் வேலைக்குச் சோம்பிச் சொல்வதாக இந்தத் தம்பி நினைக்கிறார். நீங்களாவது சொல்லுங்கள்" என்றார் பட்டறைக்காரர். அன்று அந்த இளைஞரிடம் சொன்னவற்றையே சற்று விரித்து இங்கே கூறுகிறேன்.

ஓடும் வண்டிக்கு இயக்க ஆற்றல் உண்டு என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே படித்திருக்கிறீர்கள். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். ஐந்து பேர் அமர்ந்த சிறு கார் ஏறத்தாழ 1,200 கிலோ இருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அதன் ஆற்றல் சுமார் 3 லட்சம் ஜூல். வண்டி நின்றபின் இந்த ஆற்றல் எங்கே போயிற்று? அழியவில்லை, பிரேக்கில் வெப்பமாக மாறிவிட்டது. அந்த வெப்பம் எவ்வளவு என்று அறிய அடுப்பங்கரைக்கு வாருங்கள். ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய அதே 3 லட்சம் ஜூல் வேண்டும். நெடுஞ்சாலையில் ஒருமுறை வண்டியை நிறுத்தும்போது ஒரு லிட்டர் வெந்நீர் வைக்கிறோம் என்று கொள்ளலாம்.

இனி மலையைப் பாருங்கள். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். வத்தலக்குண்டுச் சமவெளிக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1,800 மீட்டர் கீழே வருகிறோம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கிப் பார்த்தால் 2 கோடி ஜூலுக்கு மேல் வருகிறது. இது எழுபது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம். ஒரு சிறு விருந்துக்கு உலை வைக்கலாம். டயர் உருளுவதிலும் காற்றைத் தள்ளுவதிலும் இதில் ஒரு பங்கு கழிந்துபோகும். எஞ்சியதை என்ஜினும் பிரேக்கும் பகிர்ந்துகொள்ள வேண்டும். என்ஜினுக்கு அதன் பங்கைக் கொடுக்காமற் போனால் முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும்.

அப்படி விழுந்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். 1996ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் நால்வர் ஒரு பிரீமியர் பத்மினி காரில் கொடைக்கானலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். ஓட்டிய நண்பர் சிக்கனக்காரர். இறக்கத்தில் பெட்ரோல் எதற்கு என்று கியரை விலக்கி நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி வந்தார். பெருமாள்மலை தாண்டிச் சிறிது தூரத்தில் கருகல் நாற்றம் வந்தது. யாரோ காட்டில் சருகு எரிக்கிறார்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். டம்டம் பாறைக்கு முன்னுள்ள ஒரு வளைவில் அவர் பிரேக்கை மிதித்தபோது, மிதி எதிர்ப்பே இல்லாமல் தரைவரை சென்றது. அவர் முகம் வெளிறியதை இன்றும் மறக்கவில்லை. நல்ல வேளையாக இரண்டாம் கியரைத் திணித்தார், கைப்பிரேக்கை இழுத்தார், மலையோரத்து வடிகாலில் ஒரு பக்கச் சக்கரங்களை இறக்கினார். வண்டி பாறையில் உரசி நின்றது. மறுபக்கம் பள்ளத்தாக்கு. ஒருமணி நேரம் சாலையோரத்தில் அமர்ந்திருந்தோம். பிறகு மிதித்துப் பார்த்தால் பிரேக் பழையபடி பிடித்தது!

இந்தப் புதிருக்கு விடை பிரேக் ஆயிலில் இருக்கிறது. அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எங்கும் குறையாமல் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டார். நம் கால் கொடுக்கும் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்வது அந்த விதிதான். நீர்மம் அழுந்திச் சுருங்காது என்பதே இதற்கு ஆதாரம். ஆனால் பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு: மழைக்காலத்து உப்பைப்போல் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்னும் வகையின் கொதிநிலை, புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் 140 பாகை இருந்தாலே போதும் என்று அதே விதி இறங்கி வருகிறது. டாட் 4 வகைக்கு இந்த எண்கள் 230, 155. மலை இறக்கத்தில் பிரேக் காய்ந்து, பழைய ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டால், ஆவி அழுந்திச் சுருங்கும். மிதி தரையைத் தொடும். சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஆறினால் ஆவி மீண்டும் நீர்மமாகும். எங்கள் வண்டியில் நடந்தது இதுவே. கைப்பிரேக் கம்பியால் இழுபடுவது, ஆயிலை நம்பாதது. ஆகவேதான் அது ஓரளவு உதவியது.

ஆகையால் பிரேக்கை மேம்படுத்த நினைப்பவர் முதலில் செய்யவேண்டியது, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய ஆயிலை முற்றும் வெளியேற்றி, வண்டிக்குச் சொன்ன வகையில் புதிய ஆயில் நிரப்புவதாகும். கண்ணுக்குத் தெரியாத மேம்பாடு இது. நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட இயலாது.

டிஸ்க் பிரேக்கின் பெருமையை நான் மறுக்கவில்லை. டிரம் பிரேக்கில், சுழலும் கிண்ணத்தின் உள்ளிருந்து ஷூ விரிந்து அழுத்துகிறது. சூடேறினால் டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகும். வெப்பமும் உள்ளேயே அடைபடும். டிஸ்க் வட்டோ திறந்த காற்றில் சுழல்வது. சூடேறித் தடித்தாலும் பேடுகளை நோக்கியே தடிக்கும். 1902ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1953ஆம் ஆண்டு பிரான்சில் நடந்த லெ மான் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்ற பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. நம் நாட்டில் பிரேக் செய்யும் தொழிலுக்கும் மதுரைக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1911ஆம் ஆண்டு மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய பேருந்துத் தொழிலின் வழிவந்தவர்களே, 1962ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பாடியில் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகிய பிரேக் தொழிற்சாலைகளை நிறுவினார்கள்.

இருப்பினும் அந்த இளைஞரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "தம்பி, இப்போதுள்ள பிரேக்கைப் பலமாக மிதித்தால் சக்கரம் சுழலாமல் இறுகி நின்றுவிடுகிறதா?" "நின்றுவிடுகிறது, டயர் தேய்ந்து கறுப்புக் கோடு விழுகிறது" என்றார். சக்கரத்தை இறுக்கும் வலிமை பிரேக்குக்கு ஏற்கெனவே இருக்கிறது என்றால், பெரிய பிரேக் வைத்து இன்னும் எதை இறுக்குவது? சக்கரத்தை நிறுத்துவது பிரேக். வண்டியை நிறுத்துவது டயர். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஓர் உள்ளங்கை அளவுதான். காரும் அதில் உள்ள ஐந்து உயிர்களும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பியிருக்கின்றன. டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வெண் 0.7 என்றால், 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க 36 மீட்டர் ஆகும். டயர் தேய்ந்து, மழையும் பெய்து, அவ்வெண் பாதியானால் 72 மீட்டர். பிரேக் எவ்வளவு பெரிதாயினும் இந்தக் கணக்கு மாறாது. கண் கண்டு கால் மிதிக்கும் ஒரு நொடியில் கடக்கும் 22 மீட்டர் இதில் சேரவில்லை. பெரிய டிஸ்க்கின் பயன் வேறு: அடுத்தடுத்து வரும் வெப்பத்தைத் தாங்குவது. பந்தயத்துக்கு அது தேவை. மலை இறக்கத்தில், எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்கினால் அந்த வேலையை என்ஜினே செய்துவிடும்.

என்ஜினை அணைத்துவிட்டு இறங்குவோரும் உண்டு. இது நியூட்ரலைவிடக் கொடிது. சாதாரணப் பெட்ரோல் காரில் நம் காலுக்குத் துணைசெய்யும் பூஸ்டர் என்னும் கருவி, என்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயில் உண்டாகும் குறைந்த அழுத்தத்தால் இயங்குகிறது. என்ஜின் நின்றால், இரண்டு மூன்று மிதிகளுக்குப் பிறகு அத்துணை தீர்ந்துவிடும்; மிதி கல்லாகிவிடும்.

பின்சக்கரத்தில் டிஸ்க் வைப்பதில் வேறோர் ஆபத்து இருக்கிறது. பிரேக் பிடித்தவுடன் நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? வண்டியின் பாரமும் அவ்வாறே முன்சக்கரங்கள்மேல் சாய்கிறது, பின்சக்கரங்கள் இலேசாகின்றன. ஆதலால் முன்னே வலிமையாகவும் பின்னே மென்மையாகவும் பிடிக்கும்படி தொழிற்சாலையில் அளந்து அமைத்திருக்கிறார்கள். பின்னே வலிமையைக் கூட்டினால் பின்சக்கரங்கள் முதலில் இறுகும். வண்டியின் வால் சுழன்று முன்னுக்கு வந்துவிடும். சக்கரம் இறுகாமல் காக்கும் ஏ.பி.எஸ். என்ற கருவி 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டுப் புதிய கார்களுக்குக் கட்டாயமாயிற்று. அந்த இளைஞரின் வண்டி அதற்கு முந்தியது.

இனி ஸ்பிரிங்கை வெட்டும் ஆசைக்கு வருவோம். ஸ்பிரிங், பள்ளமேட்டில் சக்கரம் மட்டும் ஏறி இறங்கவும் உடல் அசையாதிருக்கவும் உதவுவது. ஆனால் தனி ஸ்பிரிங் ஊஞ்சலைப் போன்றது. ஒருமுறை தள்ளினால் ஆடிக்கொண்டே இருக்கும். அதை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய், எண்ணெயில் சிறு துளைகளுள்ள ஓர் உந்துதண்டு. எண்ணெய் துளை வழியே பிதுங்கும்போது ஆட்டம் வெப்பமாகிக் கழிகிறது. ஆக, இதுவும் ஒருவகைப் பிரேக்தான்: பிரேக் முன்னோட்டத்தை வெப்பமாக்குகிறது, இது மேலும் கீழுமான ஆட்டத்தை வெப்பமாக்குகிறது. ஷாக் அப்சார்பர் செத்துப்போன வண்டியில் சக்கரம் கரடுமுரடான சாலைமேல் துள்ளும். துள்ளும் கணத்தில் உள்ளங்கை தரையில் இல்லை. பிரேக் பிடித்தும் பயனில்லை. பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் தனித்தனியே பேசுவது சரியன்று என்று நான் கருதுவது இதனால்தான்.

வேலை செய்யும் சுற்று ஏழு உள்ள ஸ்பிரிங்கில் இரண்டை வெட்டினால் அதன் விறைப்பு 1.4 மடங்காகும். அந்த விறைப்பை அடக்கப் பழைய ஷாக் அப்சார்பருக்குத் திறன் போதாது. அசைய இடமும் குறைந்துவிட்டபடியால் சிறு மேட்டிலும் வண்டி அடிக்கட்டையில் மோதும். மதுரையைச் சுற்றி ஊருக்கு ஊர் வேகத்தடைகள் எத்தனை! திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் நிலம். மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் அந்த மண்மேல் போட்ட கிராமச் சாலைகள் அலை அலையாக நெளிந்திருக்கும். அவ்விடத்தில் தாழ்த்திய வண்டி தவளைபோல் தாவும். பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் சொல்கிறது.

இவ்வளவும் கேட்டபின் அந்த இளைஞர், "அப்படியானால் நான் ஒன்றுமே செய்ய வேண்டாமா?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டார். நியாயமான கேள்வி. பட்டறைக்காரர் பதில் சொல்லாமல் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். இடப்பக்கப் பின் டிரம்மைக் கழற்றியபோது உள்ளே வீல் சிலிண்டர் ஒழுகி, ஷூவின் லைனிங் ஆயிலில் ஊறிக் கிடந்தது. அந்தச் சக்கரம் பிடித்ததே இல்லை. டயரின் பக்கவாட்டில் 3416 என்று பொறித்திருந்தது. 2016ஆம் ஆண்டின் 34ஆம் வாரம் செய்தது என்று அதற்குப் பொருள். ரப்பர் நகத்தால் கீறினால் பொடிந்தது. முன்பக்க மட்கார்டைக் கையால் அமுக்கி விட்டால், ஒருமுறை எழுந்து அடங்கவேண்டிய வண்டி மூன்று முறை ஆடியது. பெரிய டிஸ்க்குக்கு வைத்திருந்த பணம் நான்கு டயருக்கும், முன்பக்க ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடிக்கும், புதிய ஷூ, பேடு, வீல் சிலிண்டர், ஆயில் ஆகியவற்றுக்கும் சரியாகப் போயிற்று. ஸ்பிரிங்கை யாரும் தொடவில்லை.

கொடைக்கானல் போய்வந்த பிறகு அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கண்ணாடிக் குப்பி. வண்டியிலிருந்து இறக்கிய பழைய பிரேக் ஆயிலைப் பட்டறையில் கேட்டு வாங்கி வைத்திருந்தாராம். தெளிந்த தேன் நிறத்தில் இருக்கவேண்டிய அது கருப்பட்டிப் பாகுபோல் இருந்தது. இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வந்ததாகவும், பின்னால் வந்த பேருந்துக்காரர் விடாமல் ஒலியெழுப்பியதாகவும், ஓரிடத்தில் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டதாகவும் சொன்னார்.