வண்டியின் கோளாறைச் சொல்லும் கேபிள்

மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்து விவசாயிகள் பலர் கீரையும் காய்கறியும் சிறு சரக்கு வண்டிகளில் கோயம்பேட்டுக்கு அனுப்புகின்றனர். துறைமுகக் கண்டெய்னர் லாரிகள் நெருக்கும் சாலையில் வண்டி நின்றுவிட்டால் கீரை வாடி, அன்றைய வரும்படி போய்விடும்.

1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பின்னர் அசோக் லேலண்ட் என்ற பெயரில் எண்ணூரில் லாரிகள் செய்து வந்தது. அந்தக் கால வண்டிகளின் கோளாறை மெக்கானிக் காதால் கேட்டே சொல்லிவிடுவார். இன்றைய வண்டியில் எஞ்சினைக் கவனிக்க ஒரு சிறு கம்ப்யூட்டர் இருக்கிறது. அது குறை கண்டால் மீட்டர் பலகையில் எஞ்சின் விளக்கை எரியவிட்டு, ஒரு குறியீட்டு எண்ணையும் பதிந்து வைக்கும். நாடு முழுவதும் 2017 ஏப்ரலில் பி.எஸ்.4 விதியும், 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதியும் வந்தன. இந்த வகைச் சிறு வண்டிகளில் அந்த எண்ணை விவசாயியே படித்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது

'ஈ.எல்.எம். 327' வகைக் கருவிகள் மலிவாகக் கிடைக்கின்றன. சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைவீதிகளில் விசாரிக்கலாம். ஆண்ட்ராய்டு செல்போனுக்கு ப்ளூடூத் வகையும், லேப்டாப்புக்கு யு.எஸ்.பி. கேபிளும் ஏற்றவை. நகல் சரக்குகள் சில எல்லா வண்டியோடும் பேசா. ஆகவே, தம் வண்டியில் பொருத்திப் பார்த்து வாங்குவது நலம். 24 வோல்ட் பெரிய லாரிகளில் 12 வோல்ட் கருவியைச் செருகக் கூடாது.

பொருத்தும் முறை

ஸ்டியரிங்கின் கீழே 16 துளைகள் கொண்ட சாக்கெட் இருக்கும். சாவியை அணைத்துவிட்டுக் கருவியைச் செருக வேண்டும். பிறகு எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் 'ஆன்' நிலையில் வைக்க வேண்டும். செல்போனில் ப்ளூடூத் இணைப்பு கேட்கும் எண் பெரும்பாலும் 1234 அல்லது 0000. லேப்டாப்பானால் கேபிளுக்குரிய டிரைவர் மென்பொருளை முதலில் பதிந்து, கேபிளுக்குக் கிடைத்த 'காம் போர்ட்' எண்ணையே நோய் அறியும் மென்பொருளிலும் குறிக்க வேண்டும். பலருக்கு இணைப்பு கிடைக்காமல் போவது இந்த எண் மாறுவதால்தான்.

எண் சொல்வது என்ன?

பி0562 என்றால் மின்னழுத்தம் குறைவு. பேட்டரி, ஆல்டர்னேட்டர், வயர் முனைகளைப் பார்க்க வேண்டும். பி0087 என்றால் டீசல் அழுத்தம் குறைவு. ஃபில்டர் அடைப்பிலிருந்து தேடத் தொடங்கலாம். எண் காட்டுவது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை மட்டுமே. அதை வைத்தே பம்பை மாற்றிவிடுவது வீண் செலவாக முடியலாம்.

எண்ணை நோட்டில் எழுதும் முன் அழிக்கக் கூடாது. அழித்தால் விளக்கு அணையும். கோளாறு அப்படியே இருக்கும். மெக்கானிக்குக்கும் தடயம் கிடைக்காது. பிரேக், ஏர்பேக், புகை வடிகட்டி ஆகியவற்றின் வேலைகளுக்குக் கம்பெனி மென்பொருள் தேவைப்படும். அவற்றைப் பணிமனையில் விடுவதே பாதுகாப்பு. ஓட்டும்போது விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் நிற்கும் வண்டியின் பேட்டரி இறங்கும்.

ஒரே ஊரில் நாலைந்து விவசாயிகள் சேர்ந்து ஒரு கருவி வாங்கினால் போதும். குறியீட்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பணிமனைக்குப் போகிறவர், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று கேட்டுத் தெரிந்து கொடுக்கலாம்.