குளம்படிச் சத்தமும் ஒரு குட்டிப் பையனும்!

ராத்திரி திகில் சீரியல் பார்த்துவிட்டு, கொல்லைப்பக்கம் போக உங்கள் வீட்டுப் பிள்ளை துணைக்கு ஆள் கூப்பிடுகிறானா? 'இவ்ளோ பெரிய பையனுக்குப் பயத்தைப் பாரு!' என்று சிரிக்கிறீர்களா? ஒரு நிமிஷம்... சிரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

90-களின் பிற்பகுதி. ஒரத்தநாட்டில் எங்கள் தெருவில் நாலைந்து வீட்டில்தான் டி.வி. இருந்தது. சன் டி.வி.யில் 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' ஓடிய நேரம். இந்திரா சௌந்தர்ராஜனின் கதை, நாகாவின் இயக்கம். தப்பு செய்தவர்களைக் கருப்பசாமியே குதிரையேறி வந்து தண்டிக்கிறார் என்று நம்பும் ஒரு கிராமம். இன்றைக்கு நடப்பதைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கதை சட்டென்று பழைய காலத்துக்குத் தாவும், மறுபடி திரும்பி வரும். எதிர்வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்து மூச்சு விடாமல் பார்ப்போம்.

அமெரிக்காவிலும் 1966 முதல் 1971 வரை 'டார்க் ஷேடோஸ்' என்று ஒரு திகில் தொடர் வந்தது. பழைய மாளிகை, ரத்தக்காட்டேரி, நடுவில் 1795-ம் வருஷத்துக்கே தாவும் கதை! பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஓட்டமாய் வந்து பார்ப்பார்களாம். பயத்தின் ருசி எல்லா ஊருக்கும் பொதுதான்.

எனக்கும் அது ருசித்தது. ஏழு வயதுத் தம்பிக்கோ... படுக்கை நனைய ஆரம்பித்தது. விளக்கை அணைத்தால் அலறுவான். அப்பா அதட்டினார். அப்பாயி மந்திரித்துக் கயிறு கட்டினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவுக்குப் பின்னால் நின்று, நாக்கால் 'டக்... டக்...' என்று குளம்படிச் சத்தம் எழுப்பினேன். கடைசியில் 'எல்லாம் அந்த சீரியலால வந்தது' என்று எதிர்வீட்டுக்குப் போவதையே நிறுத்தினார்கள். பயம் மட்டும் நிற்கவில்லை.

காரணம் தெரிய 20 வருஷம் ஆனது. தானே தகப்பனான பிறகு ஒருநாள் சொன்னான்: "கருப்பைப் பார்த்து இல்லக்கா. வீட்டுப்பாடம் எழுதலைன்னு ஸ்கூல்ல என்னை இருட்டு ரூம்ல வெச்சுப் பூட்டிட்டாங்க. வீட்ல சொன்னா அப்பாவும் அடிப்பாரேன்னு சொல்லலை. டி.வி.யில இருட்டா வந்தாலே அந்த ரூமுக்குள்ள போன மாதிரி ஆயிடும்."

கதை பின்னோக்கித் தாவியதை ரசித்த எங்களுக்கு, பக்கத்துப் பாயில் படுத்திருந்தவன் மனசு தினமும் அப்படித் தாவியது தெரியவே இல்லை!

நீங்கள் என்ன செய்யலாம்?

* தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் கண் திறந்தபடியே அலறி, உங்களையே அடையாளம் தெரியாமல் விழித்தால் உலுக்கி எழுப்பாதீர்கள். இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும். பெரும்பாலும் சில நிமிஷங்களில் அடங்கிவிடும். காலையில் பிள்ளைக்கு அது நினைவிருக்காது.

* விடியற்காலையில் கெட்ட கனவு கண்டு எழுந்து அழுதால், கனவு ஞாபகம் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, சொல்ல விட்டுக் கேளுங்கள்.

* 6 முதல் 12 வயது வரை தினமும் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டி.வி., செல்போனை நிறுத்திவிடுங்கள். திகில் கதையைப் பகலில், கூட இருந்து பார்க்கட்டும்.

* 'தைரியம் வரட்டும்' என்று இருட்டில் தனியாக அனுப்பாதீர்கள். சின்ன விளக்கு ஒன்று எரியட்டும்.

* ஆறு மாதமாவது நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி படுக்கையை நனைத்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோய்கூடக் காரணமாக இருக்கலாம்.

* பயம் வாரக்கணக்கில் நீடித்தாலோ, பள்ளிக்கூடம் போக மறுத்தாலோ தாமதிக்காதீர்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், மடியில் உட்கார வைத்து, "எதை நெனைச்சா பயமா இருக்கு? அம்மா திட்ட மாட்டேன், சொல்லு கண்ணு" என்று கேளுங்கள். பதில் அன்றைக்கே வராமல் போகலாம். மறுநாளும் கேளுங்கள்.

என் தம்பியிடம் அதை யாருமே கேட்கவில்லை.